இணையம் எட்டாத இடத்தில் டிபகரிடமே கேட்பது எப்படி: ஜிடிபியின் ‘ஹெல்ப்’ கட்டளைக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. ஊரில் இன்னும் பழைய பெயர்தான் புழங்குகிறது. பட்டணத்திலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் மோட்டாரில் கால் மணி நேரம் போனால் கைத்தொலைபேசியில் லைன் கோடு கோடாகக் குறையும். செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலை அடையும்போது ஒரு கோடும் இருக்காது. அந்த வாசலில் உள்ள எடைமேடைக் குடிலில்தான், நிரலில் உள்ள பிழையைத் தேட உதவும் கருவியான டிபகரை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

எடைமேடை வேலை எளிதானது. லோரி குலைகளோடு உள்ளே வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது ஓர் எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் குலைகளின் நிகர எடை. அன்று ஒரு லோரி தலைகீழாக வந்தது. வெறுமையாக உள்ளே போய், தோட்டத்தில் மரத்தடியில் பரப்புவதற்காக ஆலையில் பழம் எடுத்தபின் மிஞ்சிய வெறுங்குலைகளை ஏற்றிக்கொண்டு வெளியேறியது. உள்ளே போகும்போது 5,230 கிலோ, வெளியே வரும்போது 8,410 கிலோ. ரசீதில் அச்சான நிகர எடை 4294964116 கிலோ.

என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த தம்பி கடைசி ஆண்டு மாணவர். மடிக்கணினியில் ரசீது அச்சிடும் நிரலின் மூலக்கோப்புகள் இருந்தன, ஜிடிபி என்ற டிபகரும் இருந்தது. அவர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடிலுக்கு வெளியே போய் நின்றார்.

“அண்ணே, லைன் இல்லண்ணே. தேடிப் பார்க்க முடியாது.”

“லைன் வேணாம் தம்பி. உள்ளே வா, ஹெல்ப் அடி.”

அன்று மாலை வரை நாங்கள் செய்ததும், பிறகு மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டல் குழப்பக்கூடிய இடத்தில் அதையும் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

ஜிடிபி என்பது குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் டிபகர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதத் தொடங்கியது. லினக்ஸில் சி, சி++ நிரல்களை நிறுத்தி, உள்ளே பார்த்து, அடியடியாக ஓட்ட இதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். உபுண்டு, டெபியன் போன்றவற்றில் மென்பொருளை நிறுவும் ‘ஏப்ட்’ கட்டளை மூலம் நிறுவிக்கொள்ளலாம். நிரலைத் தொகுக்கும்போது ‘-ஜி’ என்ற தேர்வைச் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லையென்றால் மாறிகளின் பெயரும் வரி எண்ணும் டிபகருக்குத் தெரியாது.

ஜிடிபியின் முழுக் கையேடு பெரியது. டெபியனில் அது தனிப் பொதியாக வருகிறது, அதனால் நிறுவாமலே விட்டிருப்பீர்கள். ஹெல்ப் அப்படியில்லை. அது ஜிடிபி நிரலுக்குள்ளேயே இருக்கிறது. ஜிடிபி ஓடும் இடமெல்லாம் ஹெல்ப்பும் இருக்கும், அதுவும் உங்களிடம் உள்ள அதே பதிப்புக்கு எழுதப்பட்டதாக இருக்கும். இந்த இரண்டாவது காரணம் எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன்.

படி 1: திறந்தவுடன் வரும் வரிகளைப் படியுங்கள்

ஜிடிபியைத் திறந்ததும் உரிமம், பதிப்பு என்று பத்துப் பதினைந்து வரிகள் ஓடும். எல்லோரும் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். கடைசியில் இரண்டு செய்திகள் இருக்கும்: உதவிக்கு ‘ஹெல்ப்’ என்று தட்டுங்கள், ஒரு சொல்லோடு தொடர்புள்ள கட்டளைகளைத் தேட ‘அப்ரோபோஸ்’ என்று தட்டி அந்தச் சொல்லை எழுதுங்கள். இந்த வழிகாட்டியின் பாதி அந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும். ‘-க்யூ’ சேர்த்துத் திறந்தால் இந்த முகப்பு வராது. புதியவர்கள் சில வாரங்களுக்கு அதைச் சேர்க்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

படி 2: வெறும் ‘ஹெல்ப்’

வேறொன்றும் சேர்க்காமல் ஹெல்ப் என்று மட்டும் தட்டுங்கள். ‘எச்’ என்ற ஒற்றை எழுத்தும் போதும். கட்டளைகள் வராது, கட்டளை வகைகள் வரும். சுமார் ஒரு டஜன்.

என் அம்மா ரப்பர் பால் வெட்டிய காலத்தில், வேலை பிரித்துக்கொடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் முதலில் எந்தக் கும்பல் எந்தப் பக்கம் என்றுதான் பிரிப்பார்களாம். ஆளுக்கு ஆள் நிரை, அதாவது மர வரிசை, சொல்வதெல்லாம் அதற்கப்புறம். ஹெல்ப்பும் அதே வரிசையில்தான் போகிறது. முதலில் வகை, பிறகு ஆள்.

அந்த வகைகளில் நமக்கு அன்றாடம் வேண்டியவை ஐந்துதான். ‘பிரேக்பாயிண்ட்ஸ்’ என்பது நிரலைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்துவதற்கு. ‘ரன்னிங்’ என்பது ஓட்டுவதற்கும் அடியடியாக நகர்த்துவதற்கும். ‘ஸ்டாக்’ என்பது எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) எதை அழைத்து இங்கே வந்தோம் என்று பார்ப்பதற்கு. ‘டேட்டா’ என்பது மாறிகளையும் நினைவகத்தையும் பார்ப்பதற்கு. ‘ஸ்டேட்டஸ்’ என்பது நிலை அறிவதற்கு. ‘இன்டர்னல்ஸ்’, ‘ட்ரேஸ்பாயிண்ட்ஸ்’, ‘அப்ஸ்க்யூர்’ முதலியவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். ‘யூசர்-டிஃபைண்ட்’ என்ற வகையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் அதற்கு வருவோம்.

படி 3: வகையின் பெயரோடு

ஹெல்ப் பிரேக்பாயிண்ட்ஸ்

இப்போது அந்த வகையில் உள்ள கட்டளைகள் வரிக்கு ஒன்றாக வரும். இடப்பக்கம் கட்டளை, நடுவில் இரண்டு சிறு கோடு, வலப்பக்கம் ஒரு வரி விளக்கம். புதிய பதிப்புகளில் கட்டளையோடு அதன் குறுக்கங்களும் சேர்ந்து வரும். ‘பிரேக்’ என்பதற்கு ‘பி’ போதும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

திரை நிறைந்ததும் பட்டியல் நின்று, மேலும் பார்க்க என்டர், நிறுத்த ‘க்யூ’ என்று கேட்கும். இந்த இடத்தில் பயந்து ஜிடிபியையே மூடிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தொங்கிப்போகவில்லை, பக்கம் திருப்பச் சொல்கிறது, அவ்வளவுதான். நிறுத்தமே வேண்டாமென்றால் ‘செட் பேஜினேஷன் ஆஃப்’ என்று தட்டுங்கள்.

‘ஹெல்ப் ஆல்’ என்றால் எல்லா வகையின் கட்டளைகளும் ஒரே ஓட்டமாக வரும். அதைப் படித்துப் பயனில்லை.

படி 4: கட்டளையின் பெயரோடு, முழுவதையும் படியுங்கள்

ஹெல்ப் பிரேக்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வருவது ஒரு பக்க ஆங்கிலம். முதல் வரி ஒரு வாக்கியச் சுருக்கம். அடுத்து அந்தக் கட்டளையை எழுதும் வடிவம். இந்த வடிவ வரியைப் படிக்கத் தெரிந்துவிட்டால் எந்தக் கட்டளையின் ஹெல்ப்பையும் படிக்கலாம்.

பெரிய எழுத்தில் இருக்கும் சொல்லை அப்படியே தட்டக்கூடாது, அந்த இடத்தில் உங்களுடையதை எழுத வேண்டும். ‘லொகேஷன்’ என்று பெரிய எழுத்தில் இருந்தால் செயற்கூறின் பெயரையோ கோப்பின் பெயரும் வரி எண்ணுமோ போட வேண்டும். சிறிய எழுத்தில் இருப்பதை அப்படியே தட்ட வேண்டும். சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பம்போல், விட்டாலும் கட்டளை ஓடும். நடுவில் நிற்கும் நெட்டைக் கோடு ‘இதுவோ அதுவோ’ என்று சொல்கிறது. மூன்று புள்ளி இருந்தால் திரும்பத் திரும்ப எழுதலாம்.

தம்பிக்கு நிறுத்தப்புள்ளி வைக்கத் தெரியும், கல்லூரியில் செய்திருக்கிறார். ஆனால் ஹெல்ப்பை முதல் வரியோடு நிறுத்திவிட்டார். வடிவ வரியின் கடைசிப் பகுதியை விரலால் காட்டினேன். சதுர அடைப்புக்குள் ‘இஃப் கண்டிஷன்’ என்று இருந்தது. இஃப் சிறிய எழுத்து, கண்டிஷன் பெரிய எழுத்து. அதாவது ஒரு நிபந்தனை கொடுத்து, அது உண்மையாகும்போது மட்டும் நிறுத்தச் சொல்லலாம்.

அன்றைய லோரிப் பதிவுகளை நிரலில் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று திட்டம். காலையிலிருந்து வந்துபோன லோரிகளில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று ‘கண்டின்யூ’ தட்டிக்கொண்டிருந்தால் இருட்டிவிடும். ரசீது எழுதும் கோப்பின் 142-ஆம் வரியில் இப்படி வைத்தோம்:

பிரேக் டிக்கெட்.சி:142 இஃப் செகண்ட் > ஃபர்ஸ்ட்

இரண்டாவது எடை முதலாவதைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும் நில். ஓட்டினோம். மற்ற லோரிகளெல்லாம் கடந்து போயின. நிரல் ஒரே இடத்தில் நின்றது, 5,230-உம் 8,410-உம் கையில் இருக்க.

படி 5: பெயர் தெரியாதபோது ‘அப்ரோபோஸ்’

இதுவரை சொன்னதெல்லாம் கட்டளையின் பெயராவது, வகையாவது தெரிந்தவர்களுக்கு. ஆனால் உதவி தேடுபவருக்குப் பெரும்பாலும் பெயர்தானே தெரியாது! தம்பி கேட்டது இதுதான்:

“இந்த நிகர எடை எந்த வரியில மாறுதுன்னு தானா நின்னு காட்ட வைக்க முடியுமாண்ணே?”

அப்படிக் கேட்கத் தெரிந்தால் போதும். அந்தக் கேள்வியில் உள்ள வினைச்சொல்லை ஆங்கிலத்தில் எடுங்கள். ‘மாறுகிறது’ என்றால் ‘சேஞ்சஸ்’.

அப்ரோபோஸ் சேஞ்சஸ்

அப்ரோபோஸ் என்பதன் எழுத்துகள் ஏ, பி, ஆர், ஓ, பி, ஓ, எஸ். கட்டளைகளின் பெயரில் மட்டுமின்றி அவற்றின் ஹெல்ப் உரை முழுவதிலும் அந்தச் சொல்லைத் தேடி, அது உள்ள கட்டளைகளைப் பட்டியலிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு பார்க்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டியலில் வருவது கட்டளையின் ஒரு வரிச் சுருக்கம்தான். நீங்கள் தேடிய சொல் உள் உரையில் எங்கோ இருக்கும், அந்த ஒரு வரியில் இருக்காது. ‘வாட்ச்’ என்ற கட்டளை பட்டியலில் வந்தபோது தம்பி அதைத் தாண்டிப் போய்விட்டார், அந்த வரியில் மாறுவது பற்றி ஒன்றும் இல்லை என்பதால். இந்த மாதிரி நேரத்தில் நடுவில் ‘-வி’ சேர்த்துத் தட்டுங்கள்:

அப்ரோபோஸ் -வி சேஞ்சஸ்

இப்போது ஒவ்வொரு கட்டளையின் முழு விளக்கமும் வரும். ஒரு வெளிப்பாட்டின் மதிப்பு மாறும்போதெல்லாம் வாட்ச்பாயிண்ட் நிரலை நிறுத்தும் என்ற வாக்கியம் கண்ணில் படும். பழைய ஜிடிபியில் ‘-வி’ இல்லை. அங்கே சந்தேகப்படும் கட்டளைக்குத் தனித்தனியாக ஹெல்ப் கேட்க வேண்டியதுதான்.

தேடும் சொல்லை எவ்வளவு குறுக்குகிறீர்களோ அவ்வளவு அதிகம் அகப்படும். ‘சேஞ்ச்’ என்று நிறுத்தினால் ‘சேஞ்சஸ்’, ‘சேஞ்ட்’ எல்லாம் சேர்ந்து வரும். வந்தது மிகுதி என்றால் நீட்டுங்கள். ஒரு சொல்லில் கிடைக்காவிட்டால் அதே பொருளுடைய வேறு சொல்லுக்குப் போங்கள். ‘ஸ்டாப்’ என்று தேடிக் கிடைக்காதது ‘பிரேக்’, ‘கேட்ச்’, ‘ஹால்ட்’ என்று தேடும்போது கிடைக்கலாம். ஆங்கிலத்தில் நமக்குள்ள தயக்கம் இங்கேதான் தடையாக நிற்கும். அதற்கு நான் செய்தது இது: ஹெல்ப் உரைகளில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களையும் அவற்றுக்கு நேரான தமிழையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். இரண்டே பக்கம்தான் வந்தது. ஜிடிபியின் ஹெல்ப்பை எழுதியவர்கள் சொற்களைச் சிக்கனமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள், அவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

அப்புறம் ‘ஹெல்ப் வாட்ச்’ தட்டி வடிவ வரியைப் படித்தோம். சதுர அடைப்புக்குள் ‘-எல்’ அல்லது ‘-லொகேஷன்’ என்று ஒரு தேர்வு இருந்தது. அதைக் கொடுத்தால் அந்த வெளிப்பாடு குறிக்கும் நினைவக இடத்தையே கண்காணிக்கும். கொடுக்காமல், ஒரு செயற்கூறுக்குள் மட்டும் வாழும் மாறியைக் கண்காணித்தால், நிரல் அந்தச் செயற்கூறைவிட்டு வெளியேறியதும் ஜிடிபி வாட்ச்பாயிண்டை நீக்கிவிட்டு, நீக்கியதாக ஒரு செய்தியும் சொல்லும். ரசீதின் நிகர எடை ஒரு சுட்டி (பாயிண்டர்) வழியாகப் பல செயற்கூறுகளுக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. அதனால் எங்களுக்கு ‘-எல்’ தான் சரி. வைத்தோம், ஓட்டினோம். கழித்தல் நடக்கும் வரியிலேயே வந்து நின்றது.

படி 6: ஒரு ஹெல்ப் இன்னொரு ஹெல்ப்புக்கு வழிகாட்டும்

நின்ற இடத்தில் நிகர எடையை அச்சிட்டுப் பார்த்தோம். அதே 4294964116. கழித்தல் வரியைப் பார்த்தால் அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. எண்ணை வேறு விதமாகக் காட்டச் சொல்ல முடியுமா?

‘ஹெல்ப் பிரிண்ட்’ தட்டினால் நீண்ட உரை வரும், தேர்வுகள் நிறைய. சலிக்காமல் கடைசிவரை போனால் ஒரு குறிப்பு உண்டு: வெளிப்பாட்டுக்கு முன் சாய்கோடும் ஒரு வடிவ எழுத்தும் போடலாம், எழுத்துகளுக்கு ‘எக்ஸ்’ கட்டளையைப் பார்க்கவும். சரி, ‘ஹெல்ப் எக்ஸ்’.

அங்கே அந்த எழுத்துகளெல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ‘எக்ஸ்’ பதினாறடிமானம், டெசிமல் என்ற சொல்லின் முதல் எழுத்தான ‘டி’ கூட்டல் கழித்தல் குறியோடு கூடிய பத்தடிமானம். ‘யூ’ குறியில்லாத பத்தடிமானம். டேபிள் என்ற சொல்லின் முதல் எழுத்தான மற்ற ‘டி’ இரண்டடிமானம். ‘ஓ’ எட்டடிமானம். ‘எஃப்’ புள்ளி வைத்த எண் (ஃப்ளோட்), ‘சி’ எழுத்து, ‘எஸ்’ சரம், ‘ஐ’ இயந்திர ஆணை, ‘ஏ’ முகவரி. கூடவே அளவு எழுத்துகளும்: ‘பி’ ஒரு பைட், ‘எச்’ இரண்டு, ‘டபிள்யூ’ நான்கு, ‘ஜி’ எட்டு. அளவு எழுத்தும் எண்ணிக்கையும் எக்ஸ் கட்டளைக்கு மட்டும்தான், பிரிண்டுக்கு இல்லை. அதையும் பிரிண்டின் ஹெல்ப்பே சொல்லிவிடுகிறது.

டெசிமலின் எழுத்தைப் போட்டு அச்சிட்டோம்:

பிரிண்ட்/டி நெட்

திரையில் வந்தது -3180.

தம்பி ஒன்றும் பேசவில்லை, விரலால் கணக்குப் போட்டார். 5,230 கழித்தல் 8,410. கழித்தல் சரியாகத்தான் நடந்திருக்கிறது. விடை எதிர்மம். ஆனால் மாறி குறியில்லாத 32 பிட் எண். எதிர்மத்துக்கு அதில் இடமில்லை என்பதால் 4294967296-இலிருந்து 3180 குறைந்த எண்ணாக அது நின்றுவிட்டது. முதல் எடைதான் எப்போதும் கூடுதல் என்று எண்ணி எழுதிய நிரல். உள்ளே வெறுமையாகப் போய் ஏற்றிக்கொண்டு வரும் லோரியை எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் மாலைப் பொழுதில் மிக நல்ல இடம் இதுதான். ஒரு ஹெல்ப் உரையின் ஓரத்தில் இருந்த ‘அதைப் பார்க்கவும்’ என்ற ஒரு குறிப்புதான் விடையைக் கையில் கொடுத்தது. அந்தக் குறிப்புகளை ஒருபோதும் விடாதீர்கள்.

படி 7: இன்ஃபோ, ஷோ, செட்

இந்த மூன்றும் கட்டளைக் குடும்பங்கள். புதியவர்கள் இன்ஃபோவையும் ஷோவையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ‘இன்ஃபோ’ உங்கள் நிரலைப் பற்றிச் சொல்லும்: எந்தெந்த நிறுத்தப்புள்ளி இருக்கிறது, உள்மாறிகள் என்ன, பதிவகங்களில் (ரெஜிஸ்டர்) என்ன. ‘ஷோ’ ஜிடிபியைப் பற்றிச் சொல்லும், அதன் அமைப்புகள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று. ‘செட்’ அந்த அமைப்புகளை மாற்றும்.

ஹெல்ப் இன்ஃபோ
ஹெல்ப் ஷோ
ஹெல்ப் செட் பிரிண்ட்

மூன்றாவதைப் பாருங்கள், ஹெல்ப்புக்குப் பின்னால் இரண்டு சொல் போடலாம், மூன்றும் போடலாம். ‘ஹெல்ப் செட் பிரிண்ட் ப்ரிட்டி’ என்றால் கட்டமைப்பு மாறிகளை வரிவரியாக அழகாகக் காட்டும் அமைப்பின் விளக்கம் வரும்.

இன்னொரு குழப்பம். அப்ரோபோஸ் தேடுவது ஜிடிபியின் கட்டளைகளில்தான், உங்கள் நிரலில் இல்லை. உங்கள் நிரலில் எடை என்று பெயர் வரும் செயற்கூறுகள் எவை என்று அறிய ‘இன்ஃபோ ஃபங்ஷன்ஸ் வெய்ட்’ என்று கேளுங்கள். மாறிகளுக்கு ‘இன்ஃபோ வேரியபிள்ஸ்’.

படி 8: பாதி தட்டி மீதியைக் கேட்பது

‘இன்ஃபோ’ தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டேப் விசையை இருமுறை அழுத்துங்கள். அதற்கடுத்து எழுதக்கூடியதெல்லாம் வரும். டேப் வேலை செய்யாத டெர்மினல் என்றால் ‘கம்ப்ளீட் இன்ஃபோ’ தட்டி, கடைசியில் ஓர் இடைவெளியும் விட்டால் அதே பட்டியல் வரும். கட்டளையைக் குறுக்கி எழுதலாம், வேறொன்றோடு மோதாதவரை. ‘எஸ்’, ‘டி’ என்று இரண்டெழுத்து மட்டும் தட்டினால் ஸ்டார்ட்டா, ஸ்டெப்பா என்று புரியாமல், பொருந்தும் பெயர்களையெல்லாம் சொல்லி நிறுத்திவிடும். அந்தப் பிழைச் செய்தியும் ஒரு பட்டியல்தான்.

படி 9: பிழைச் செய்தியில் ஒளிந்திருக்கும் கட்டளை

ஜிடிபியின் பிழைச் செய்திகள் பல அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. தெரியாத கட்டளையைத் தட்டினால் ‘ஹெல்ப் முயன்று பார்’ என்கிறது. குறியீட்டு அட்டவணை ஏற்றப்படவில்லை என்றால் அதே வரியில் ‘ஃபைல் கட்டளையைப் பயன்படுத்து’ என்கிறது. உடனே ‘ஹெல்ப் ஃபைல்’. மேற்கோளுக்குள் ஒரு கட்டளையின் பெயர் வந்தால் அடுத்த வரியில் அதற்கு ஹெல்ப் கேளுங்கள். தம்பிக்கு இது இரண்டு நாளில் பழக்கமாகிவிட்டது.

படி 10: பதிப்பு மாறியதால் வந்த தொல்லை

முன்பு சொல்வதாகச் சொன்ன உதாரணம் இது. ஹெல்ப் உரைகளைக் கோப்பில் சேமித்து அச்செடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பழைய குறிப்புகளில் ‘செட் லாகிங் ஆன்’ என்று இருக்கும். ஜிடிபியின் 12-ஆம் பதிப்பில் அது ‘செட் லாகிங் எனேபிள்ட் ஆன்’ என்று மாறிவிட்டது. பழைய பதிப்பை வைத்திருப்பவர் புதிய குறிப்பைப் பார்த்துத் தட்டினால் திகைத்துப்போவார். எந்தக் குறிப்பையும் நம்பாமல், நான் எழுதும் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உங்கள் இயந்திரத்தில் ‘ஹெல்ப் செட் லாகிங்’ தட்டிப் பாருங்கள். அது சொல்வதுதான் உங்களுக்குச் சரி. பெயர் மாற்றாவிட்டால் பதிவு ‘ஜிடிபி.டிஎக்ஸ்டி’ என்ற கோப்பில் சேரும். ‘ஷோ வெர்ஷன்’ உங்கள் பதிப்பைச் சொல்லும்.

கோப்பெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு ஹெல்ப் உரை போதும் என்றால், ஜிடிபிக்கு வெளியிலிருந்தே ‘-பேட்ச்’ தேர்வையும், ‘-ஈஎக்ஸ்’ தேர்வோடு ஹெல்ப் எக்ஸ் கட்டளையை மேற்கோளுக்குள் வைத்தும் ஓட்டலாம். உரையை அச்சிட்டுவிட்டு மூடிக்கொள்ளும். அப்படி எடுத்த எக்ஸ் பக்கம் இன்றும் என் மடிக்கணினி உறைக்குள் மடித்து இருக்கிறது.

வேறு டிபகர்களிலும் இதே பழக்கம் கைகொடுக்கும். எல்எல்டிபியில் ஹெல்ப்பும் அப்ரோபோஸும் அதே பெயரில் உண்டு. விண்டோஸின் விண்டிபிஜியில் கேள்விக்குறி மட்டும் தட்டினால் கட்டளைப் பட்டியல், புள்ளியோடு ‘ஹெல்ப்’ தட்டினால் மேற்கட்டளைகள், புள்ளியோடு இரண்டு ‘எச்’ தட்டினால் உதவிக்கோப்பு திறக்கும். பைத்தானின் பிடிபியில் ‘ஹெல்ப்’ அல்லது ‘எச்’.

படி 11: உங்கள் ஹெல்ப்பைத் தமிழில் நீங்களே எழுதுங்கள்

இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படும் வசதி. ஜிடிபியில் சொந்தக் கட்டளை எழுதலாம். அதற்கு ஹெல்ப் உரையும் எழுதலாம். அந்த உரை தமிழில் இருக்கலாம்.

கட்டளையின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். நாங்கள் ‘பெர்சே’ என்று வைத்தோம். மலாயில் நிகர எடையைச் சொல்லும்போது ‘நிகர’ என்பதற்கு அந்தச் சொல்தான், எடைமேடையில் எல்லோருக்கும் புரியும். உங்கள் இல்லக் கோப்புறையில் ஜிடிபிஇனிட் என்ற கோப்பைத் திறந்து, அதன் பெயர் புள்ளியில் தொடங்க வேண்டும், இப்படி எழுதுங்கள்:

டிஃபைன் பெர்சே
பிரிண்ட்/டி ஃபர்ஸ்ட் - செகண்ட்
எண்ட்
டாக்குமெண்ட் பெர்சே
நிகர எடையைக் குறியோடு காட்டும்.
எதிர்மமாக வந்தால் லோரி வெறுமையாக உள்ளே வந்து சரக்கோடு வெளியேறியது என்று பொருள்.
ரசீது எழுதும் செயற்கூறில் நிற்கும்போது மட்டும் பயன்படுத்தவும்.
எண்ட்

டிஃபைனும் டாக்குமெண்டும் தனித்தனி, இரண்டுக்கும் எண்ட் வேண்டும். முதலில் டிஃபைன், பிறகுதான் டாக்குமெண்ட். முதல் வரியை ஒரே வாக்கியமாகச் சுருக்கமாக எழுதுங்கள், பட்டியலில் அதுதான் வரும். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டெர்மினலின் எழுத்துருவை மாற்றுங்கள், ஜிடிபியில் குறையில்லை. கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமித்திருக்க வேண்டும்.

ஜிடிபியை மூடித் திறந்து ‘ஹெல்ப் யூசர்-டிஃபைண்ட்’ தட்டினால் பெர்சே பட்டியலில் இருக்கும். ‘ஹெல்ப் பெர்சே’ தட்டினால் நீங்கள் எழுதிய மூன்று வரியும் அப்படியே வரும்.

நிரலைத் திருத்தி முடித்தபோது மணி ஏழு. கடைசி லோரியும் போய்விட்டது. எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கடையைக் கட்டும் முன் எட்டிப் பார்த்தார். தம்பி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, ஹெல்ப் பெர்சே என்று தட்டினார்.

“இது தமிழ்ல இருக்கே!” என்றார் அக்கா. குனிந்து மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். “அது மட்டும் இல்ல தம்பி. எண்ணெய் ஏத்த வர்ற டேங்கரும் இப்படித்தான், வெறுமையா வந்து நிறைச்சுகிட்டுப் போகும். அதையும் எழுதிக்கோ.”

தம்பி கோப்பைத் திறந்து, இரண்டாவது வரியில் டேங்கரையும் சேர்த்தார்.